ஸ்டட்லண்ட் விரிகுடாவில் மூழ்கிய பயிற்சி டாங்கிகள், 4 ஏப்ரல் 1944: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டாம் உலகப் போரில் நேசப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு இரண்டு மாதங்கள் இருந்தபோது, இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் பகுதியிலுள்ள ஸ்டட்லண்ட் விரிகுடாவில் 'ஸ்மாஷ்' என்ற பெயரில் ஒத்திகை ஒன்று நடந்தது. அதில் கடலில் இறக்கிவிடப்பட்ட நீந்தும் டாங்கிகள் சில, கரை சேரும் முன்பே மூழ்கின. ஆறு வீரர்கள் இறந்தனர். எதிரியின் குண்டு எதுவும் அவர்கள்மேல் பாயவில்லை. அவர்கள் பயிற்சி பெறாதவர்களும் அல்லர். அந்த வேலைக்கென்றே மாதக்கணக்கில் தயாரிக்கப்பட்டவர்கள். அப்படிப்பட்ட குழுக்கள், அந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட கருவியில், ஒத்திகை நாளில் மூழ்கியது எப்படி என்பதும், அதிலிருந்து யார் எதைக் கற்றார்கள் என்பதுமே இந்த ஆய்வின் பொருள். சம்பந்தப்பட்ட வீரர்கள், அதிகாரிகள் எவருடைய பெயரும் இதில் குறிப்பிடப்படவில்லை.

பின்னணி

1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் தியெப் துறைமுகத்தின்மீது நடந்த தாக்குதல், கடற்கரையில் டாங்கிகளை இறக்குவதிலுள்ள சிக்கலைப் பெரும் விலைகொடுத்துக் காட்டியது. டாங்கிகளைச் சுமந்துவரும் தரையிறக்கும் கலம் பெரியது. கரையை நெருங்கும்போது மெதுவாகச் செல்வது. பீரங்கிகளுக்கு எளிய இலக்கு. ஒரு கலம் அடிபட்டால் அதிலுள்ள டாங்கிகள் அத்தனையும் போகும். அவ்வாறன்றி, கலங்களைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, டாங்கிகள் தாமே நீந்திச் சென்று காலாட்படைக்குச் சில நிமிடங்கள் முன்னதாகக் கரையேறுமானால், ஆபத்து பிரிந்து போவதோடு எதிரிக்கும் திகைப்பாக இருக்கும் என்பது திட்டமிட்டவர்களின் கணக்கு.

அதற்கான கருவி ஏற்கெனவே இருந்தது. ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய பொறியாளர் நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர், டாங்கியைச் சுற்றிக் கித்தான் துணியாலான உயரமான திரையை நிறுத்தி அதை மிதக்கவைக்கும் முறையை வகுத்திருந்தார். 1941-இல் லண்டனுக்கு அருகேயுள்ள ஒரு நீர்த்தேக்கத்தில் டெட்ரார்க் என்ற இலகுரக டாங்கியில் அது சோதிக்கப்பட்டது. என்ஜின் ஒன்றே, அதன் விசை தரையில் சங்கிலிப் பட்டைகளையும் நீரில் உந்துசுழலியையும் இயக்கும். இந்த இரட்டை இயக்கத்தால் அதற்கு 'டூப்ளெக்ஸ் டிரைவ்' என்று பெயர்; சுருக்கமாக டி.டி. டாங்கி. வீரர்கள் அந்த இரண்டு எழுத்துகளையும் 'டொனால்டு டக்' என்று விரித்துக் கேலி பேசினார்கள்.

டி.டி. டாங்கிகளையும் அவற்றின் குழுக்களையும் தயார் செய்யும் பொறுப்பு, பெர்சி ஹோபார்ட் தலைமையிலிருந்த 79-ஆம் கவசப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட படைப்பிரிவுகளுள் ஒன்று 4/7 ராயல் டிராகூன் கார்ட்ஸ். 1940-இல் டன்கர்க் வழியாகப் பிரான்சிலிருந்து மீண்டுவந்த பழைய குதிரைப்படை அது.

பயிற்சிக்குக் கிடைத்த டாங்கி

போருக்குச் செல்லவிருந்தது அமெரிக்கத் தயாரிப்பான ஷெர்மன். பயிற்சிக்குக் கிடைத்ததோ வேலன்டைன். இந்த வேறுபாடு கதைக்கு மையமானது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலன்டைன் சுமார் 17 டன் எடையுள்ள காலாட்படைத் துணை டாங்கி. 1944-க்குள் அது போர்க்களத்தில் பழையதாகிவிட்டிருந்தது. ஆனால் எண்ணிக்கையில் நிறைய இருந்தது. ஆகவே நூற்றுக்கணக்கான வேலன்டைன்கள் டி.டி. வடிவத்துக்கு மாற்றப்பட்டு, பெரும்பாலும் பயிற்சிக்கே பயன்பட்டன. ஷெர்மனின் எடை 30 டன்னைத் தாண்டியது; அதில் இரண்டு உந்துசுழலிகள் இருந்தன, வேலன்டைனில் ஒன்றுதான். திரையை உயர்த்துவதற்கு வேலன்டைனின் பீரங்கியைப் பின்பக்கம் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. அதனால் கரையேறியவுடன் சுட முடியாது, திரையை இறக்கிவிட்டுச் சுழல்மேடையைத் திருப்ப வேண்டும். ஷெர்மனுக்கு அந்தத் தடை இல்லை.

இரண்டுக்கும் பொதுவானது திரை. டாங்கியின் உடலைச் சுற்றிப் பற்றவைத்த ஒரு சட்டத்தில் கித்தானின் அடிவிளிம்பு நீர்புகாதவாறு பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண நேரத்தில் அது மடிந்து தொங்கும். இறங்கவேண்டிய நேரம் வரும்போது, துணியோடு சேர்த்து நிறுத்தப்பட்ட ரப்பர்க் குழாய்களில் அழுத்தக்காற்று செலுத்தப்படும். குழாய்கள் விறைத்து எழ, துணியும் எழும். எழுந்தபின் மடக்கு எஃகுச் சட்டங்களைத் தள்ளி நிமிர்த்தி அதைத் தாங்கச் செய்ய வேண்டும். ஷெர்மனில் இந்த வேலை முழுவதற்கும் சுமார் கால் மணி நேரம் பிடித்தது. கரை தொட்டதும் காற்றைத் திறந்துவிட்டால் நொடிகளில் திரை சரியும்.

நீரில் இறங்கியபின் இரும்புடல் முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே தொங்கும். மேலே தெரிவது துணியின் விளிம்பு மட்டுமே. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அது சிறிய துணிப்படகாகவே படும், அதுவே நோக்கமும். ஷெர்மனில்கூட நீர்மட்டத்துக்கு மேல் நின்ற திரையின் உயரம் ஏறத்தாழ 0.9 மீட்டர்தான். ஏறத்தாழ 0.3 மீட்டர் உயர அலைவரை தாங்கும் என்ற எதிர்பார்ப்பில் இந்த அமைப்பு வகுக்கப்பட்டிருந்தது. நீரில் அதன் வேகம் சுமார் 4 கடல்முடிச்சு, அதாவது மணிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 5,000 கஜம் தொலைவில் இறக்கிவிட்டால் கரை சேர அரைமணி நேரத்துக்கும் கூடுதலாகும். எதிர்க்காற்றிலும் நீரோட்டத்திலும் இன்னும் நீளும். இறக்கிவிட்ட கலத்துக்குள் கடலிலேயே மீண்டும் ஏறிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவராத காரியம். ஆகவே சரிவுப்பலகையை விட்டு இறங்கிய நொடியிலிருந்து, அந்த அரைமணி நேரம் கடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதில்தான் குழுவின் உயிர் இருந்தது.

குழுக்கள் கற்றதும் வாழ்ந்ததும்

பயிற்சி படிப்படியாக அமைந்தது. முதற்கட்டம் நார்ஃபோக், சஃபோக் எல்லையிலுள்ள ஃப்ரிட்டன் ஏரியில். அது நன்னீர், அலையற்றது, வெளியார் கண்ணுக்கு மறைவானது. அங்கே திரையை உயர்த்தவும், நீரில் இறங்கவும், திசை பிடிக்கவும், கரையேறித் திரையைச் சரிக்கவும் கற்றார்கள். அடுத்த கட்டம் காஸ்போர்ட்டை ஒட்டிய ஸ்டோக்ஸ் விரிகுடாவில். அங்கே கடல்நீர், உண்மையான தரையிறக்கும் கலங்கள்.

நீந்தும் டாங்கியில் குழுவினரின் இடம் தரையில் இருப்பதுபோல் இல்லை. கமாண்டர் சுழல்மேடைக்குப் பின்னால் மேடையொன்றில் நின்று, திரையின் விளிம்புக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தபடி சுக்கானைப் பிடிப்பார். மற்றவர்கள் கூடுமானவரை மேல்தளத்தில் நிற்பார்கள். ஓட்டுநர் மட்டும் உள்ளே, தம் இருக்கையில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். என்ஜின் நின்றால் உந்துசுழலியும் நிற்கும். அவரைச் சுற்றி நான்கு பக்கமும் கடல். அவருக்குத் தெரிவது கருவிப்பலகையும், காதொலிப்பானில் ஒலிக்கும் கமாண்டரின் குரலும். கசிந்து சேரும் நீரை வெளியேற்ற ஒரு பம்பு உண்டு. மிதமான கசிவுக்கு அது போதும். விளிம்பைத் தாண்டி அலை விழுந்தால் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மூழ்கினால் தப்பிப்பதற்கென்று ஒரு கருவி கொடுக்கப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் பயன்படுத்திய டேவிஸ் தப்பிக்கும் கருவியின் வழிவந்தது அது. மார்பில் கட்டும் மூச்சுப்பை, சிறிய ஆக்சிஜன் குப்பி, வாய்க்குழல், மூக்குக் கவ்வி ஆகியவை அதன் உறுப்புகள். அதைப் பழகும் முறை கடுமையானது. காஸ்போர்ட்டில், ஆழமான ஒரு தொட்டியின் அடியில் டாங்கியின் உடல் வைக்கப்பட்டிருக்கும். குழுவினர் அதனுள் தத்தம் இடத்தில் உட்கார, மேலிருந்து நீர் திறந்துவிடப்படும். நீர் முழங்காலுக்கும் மார்புக்கும் ஏறும்வரை அசையாமல் இருந்து, வாய்க்குழலைக் கவ்வி, மூக்கை அடைத்து, தலைக்கு மேல் நீர் நிறைந்து உள்ளும் புறமும் அழுத்தம் சமமான பிறகே ஒருவர்பின் ஒருவராக வெளியேற வேண்டும். பதறி முன்னதாக எழுபவர் உள்பாயும் நீரின் வேகத்தில் தள்ளப்பட்டு மற்றவருக்கும் வழியை அடைத்துவிடுவார். இதற்கு எளிய மாற்று எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நீரைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க முடியாது.

இவற்றோடு ரகசியமும் சேர்ந்தது. டாங்கி நீந்தும் என்பதே மறைக்கப்பட வேண்டிய செய்தி என்பதால், வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று எழுத முடியாது. பெருமையும் அச்சமும் குழுவுக்குள்ளேயே தங்கின.

இப்பயிற்சியில் குறைவாக இருந்தது கடலைப் பற்றிய அறிவு. டாங்கியைப் படகாகச் செலுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அலை எப்படி எழுகிறது, பக்கவாட்டில் வாங்கினால் என்னவாகும், காற்றுக்கு எதிராக நீரோட்டம் ஓடும்போது கடல் ஏன் கூர்மையாக எழும்புகிறது என்பவை குதிரைப்படை மரபில் வந்தவர்களுக்கு உடன்பிறந்த அறிவு அல்ல. அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, அலைக்கு நேராகப் பிடி என்பதை நம் கரையோர மீனவர் வீட்டுப் பையன் சொல்லாமலே செய்வான். டாங்கிக் கமாண்டருக்கு அது பாடமாகச் சொல்லப்பட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 4: நடந்தது

'ஸ்மாஷ்' என்பது ஒரே ஒத்திகை அல்ல; நார்மண்டியில் கோல்டு எனப் பெயரிடப்பட்ட கடற்கரைப் பகுதியில் இறங்கவிருந்த படைகளுக்காக ஏப்ரல் மாதத்தில் நடந்த தொடர். ஸ்டட்லண்டின் மணற்கரை நார்மண்டிக் கரையை ஒத்திருந்ததால் அந்த இடம் தேர்வானது. கப்பல், விமானம், பீரங்கி, காலாட்படை எல்லாம் உண்மையான வெடிபொருளோடு ஒரே கால அட்டவணையில் ஓடிய பெரிய ஒத்திகை அது. டி.டி. டாங்கிகளுக்கு அந்த அட்டவணையில் குறிப்பிட்ட இடம் இருந்தது: முதல் காலாட்படை அலைக்கு முன்னால் கரையில் நிற்க வேண்டும்.

4/7 டிராகூன்களின் வேலன்டைன்கள் கலங்களிலிருந்து கடலில் இறங்கின. அவை நீரில் இருக்கும்போதே வானிலை மாறியது. காற்று வலுத்தது, அலை உயர்ந்தது. திரைகளின் விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே விழத் தொடங்கியது. மேலிருந்து நிறைகின்ற எடையோடு பக்கவாட்டிலிருந்து தள்ளும் அலையும் சேர்ந்தால் கித்தானும் அதைத் தாங்கும் சட்டங்களும் நிலைகுலையும். ஒரு பக்கம் மடங்கியதும் மிதப்பதற்கான இடம் ஒரேயடியாகப் போய்விடும். படகு கவிழ்வதுபோல் சாய்ந்து தத்தளிப்பதற்குக்கூட நேரம் இராது. 17 டன் இரும்பு அப்படியே இறங்கும்.

மூழ்கியவை ஆறு என்று சில பதிவுகளும் ஏழு என்று சில பதிவுகளும் கூறுகின்றன. கடலடியில் இன்று அடையாளம் காணப்பட்டிருப்பவை ஏழு. இறந்தவர்கள் ஆறு பேர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மூழ்கிய டாங்கிகளின் மற்ற வீரர்கள் தப்பினார்கள். ஒத்திகையின் மற்றப் பகுதிகள் தொடர்ந்தன.

கவனிக்கப்பட்டவை

தப்பிக்கும் பயிற்சி வீணாகவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். மூழ்கிய டாங்கிகளின் எண்ணிக்கையையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு டாங்கிக்குச் சராசரியாக ஒருவர் என்ற அளவே வருகிறது. குளிர்ந்த ஏப்ரல் கடலில், நொடிகளில் மூழ்கும் வாகனத்திலிருந்து, பெரும்பாலோர் வெளியே வந்திருக்கிறார்கள். மேல்தளத்தில் நிற்கும் ஒழுங்கும், தொட்டியில் பழகிய நிதானமும் இதில் பங்கு வகித்தன என்று கருதுவது நியாயம்.

இரண்டாவதாக, பழுது கருவியின் ஏதோ ஒரு பாகத்தில் இல்லை. என்ஜின் நின்றதாலோ, பம்பு அடைத்துக்கொண்டதாலோ, ஒருவர் ஒரு திருகை மறந்ததாலோ பல டாங்கிகள் ஒரே நேரத்தில் மூழ்குவதில்லை. அவை ஒன்றாக மூழ்கியதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: கருவி எந்தக் கடலுக்காக வகுக்கப்பட்டதோ அந்தக் கடலில் அது அப்போது இல்லை.

மூன்றாவது கவனிப்பு முந்தைய இரண்டையும்விட முக்கியமானது. பயிற்சியில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். திரைக்கு ஒருவர், சுக்கானுக்கு ஒருவர், என்ஜினுக்கு ஒருவர், பம்புக்கு ஒருவர். ஆனால் டாங்கியை இறக்கலாமா கூடாதா என்ற முடிவு எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு அதிகாரங்களுக்கிடையே விழுந்தது. கலம் கடற்படையுடையது, கடலைப் படிக்கத் தெரிந்தவர் அதன் மாலுமி. டாங்கி தரைப்படையுடையது, அட்டவணையை நிறைவேற்றும் கடமை அதன் அதிகாரிக்கு. முதலாமவருக்குத் திரையின் எல்லை தெரியாது, இரண்டாமவருக்கு அலையின் போக்கு தெரியாது. ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் ஒத்திகையில், அடுத்தடுத்த கட்டங்கள் காத்திருக்கும்போது, "இன்று வேண்டாம்" என்று சொல்வதற்கு வெறும் துணிவு போதாது. கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஓர் அளவுகோலும் வேண்டும்.

எடுக்கப்பட்ட முடிவுகள்

திட்டம் கைவிடப்படவில்லை. கைவிடும் நிலையிலும் அவர்கள் இல்லை. மாற்றுக் கருவி எதுவும் இல்லாதபோது, இரண்டே மாதங்களில் டாங்கி இல்லாமல் காலாட்படையை அனுப்புவதா என்ற கேள்விக்கு எவரும் ஆம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 'ஸ்மாஷ்' தொடரின் அடுத்த ஒத்திகைகள் நடந்தன. ஏப்ரல் 18 அன்று நடந்த ஒத்திகையை ஆறாம் ஜார்ஜ் மன்னர், பிரதமர் சர்ச்சில், நேசப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர், தரைப்படைத் தளபதி மான்ட்கமரி ஆகியோர் ஸ்டட்லண்டுக்கு மேலேயுள்ள குன்றிலிருந்து பார்வையிட்டார்கள். கனடியப் பொறியாளர்கள் 1943-இல் அங்கே கட்டியிருந்த ஃபோர்ட் ஹென்றி என்ற கான்கிரீட் கண்காணிப்பு அரண் இன்றும் இருக்கிறது.

மாறியது, இறக்கும் முடிவை அணுகிய விதம். கடல் மோசமாக இருந்தால் டாங்கிகளை நீந்தவிடாமல் கலத்தையே கரைக்குக் கொண்டுசென்று இறக்கலாம் என்ற மாற்றுவழி, விதிவிலக்காக இல்லாமல், திட்டத்தின் பகுதியாகவே வைக்கப்பட்டது. கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இறக்குவது என்பதும் அந்தந்த நேரத்துக் கடலைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளக்கூடியதாயிற்று. முடிவெடுப்பவர் யார் என்பதோ படைக்குப் படை வேறுபட்டது. நார்மண்டியில் ஒமாஹா எனப் பெயரிடப்பட்ட கடற்கரைக்குச் சென்ற அமெரிக்கப் பிரிவுகளில், அந்தந்தக் குழுவின் மூத்த தரைப்படை அதிகாரியும் மூத்த கடற்படை அதிகாரியும் கலந்து தீர்மானிக்க வேண்டும் என்று விடப்பட்டது. காகிதத்தில் இது நியாயமான ஏற்பாடு. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் என்ன, எந்த உயர அலைக்கு மேல் இறக்கவே கூடாது என்பவற்றுக்கு அது விடை சொல்லவில்லை.

இதில் பயிற்சி டாங்கிக்கும் போர் டாங்கிக்கும் உள்ள வேறுபாடு தன் வேலையைக் காட்டியிருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. மூழ்கியவை வேலன்டைன்கள். சிறியவை, பழையவை, எப்படியும் போருக்குப் போகப்போவதில்லை. ஷெர்மன் பெரியது, இரண்டு உந்துசுழலிகள் உடையது. ஆகவே ஸ்டட்லண்டில் கண்டது வேலன்டைனின் குறை, ஷெர்மனுக்கு அது பொருந்தாது என்று ஆறுதல் கொள்ள இடம் இருந்தது. விபத்தை நேரில் கண்டவர்களுக்கு அந்த ஆறுதல் எடுபட்டிருக்காது, கேள்விப்பட்டவர்களுக்கு எடுபட்டிருக்கலாம். ரகசியம் காரணமாக, கேள்விப்படாதவர்களும் பலர்.

பின்விளைவு: ஜூன் 6

படையிறக்க நாளான ஜூன் 6 அன்று, அந்த மாற்றுவழி எல்லாருக்கும் பொதுவாக இருந்தும் அது நார்மண்டியின் ஐந்து கடற்கரைகளில் வெவ்வேறாகப் பொருள்கொள்ளப்பட்டது. ஸ்டட்லண்டில் ஆறு பேரை இழந்த 4/7 டிராகூன்கள் கோல்டு கடற்கரையின் கிழக்குப் பகுதிக்குச் சென்றார்கள். அன்று காலை கடல் கொந்தளிப்பாக இருந்தது. அவர்களுடைய ஷெர்மன்கள் திட்டமிட்ட தொலைவிலிருந்து நீந்தவிடப்படவில்லை. கலங்கள் கரையை ஒட்டிவந்து இறக்கின. அட்டவணையில் தாமதமானது உண்மை. டாங்கிகள் கரையில் இருந்ததும் உண்மை. ஸ்வார்ட் கடற்கரையில் வேறொரு படைப்பிரிவு, திட்டமிட்டதைவிடக் கரைக்கு நெருக்கமாக, சுமார் 5,000 கஜத்தில் இறக்கிவிட, பெரும்பாலானவை நீந்திச் சேர்ந்தன. யூட்டாவில் கலங்கள் இன்னும் நெருங்கிவந்து இறக்கியதால் அங்கும் இழப்பு குறைவு.

ஒமாஹாவில் இரண்டு அமெரிக்க டாங்கிப் பிரிவுகள் அருகருகே இருந்தன. அலை 1.8 மீட்டர் வரை உயர்ந்திருந்தது. அதாவது திரை எதற்காக வகுக்கப்பட்டதோ அதைப்போல ஆறு மடங்கு. 743-ஆம் பிரிவின் கலங்களை நடத்திய கடற்படை அதிகாரியும் அதன் தரைப்படை அதிகாரியும் பேசி, நீந்தவிட வேண்டாம், நேராகக் கரைக்குப் போவோம் என்று முடிவெடுத்தார்கள். அவர்களுடைய 32 டி.டி. டாங்கிகளும் கலங்களிலேயே கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 741-ஆம் பிரிவில், இரண்டு தரைப்படை அதிகாரிகள் வானொலியில் பேசிக்கொண்டு, இறக்குவது என்று தீர்மானித்தார்கள். சுமார் 6,000 கஜம் தொலைவில் 29 டாங்கிகள் நீரில் இறங்கின. 27 மூழ்கின, இரண்டு மட்டும் நீந்திக் கரையேறின. ஒரு கலத்தில் முதல் டாங்கி இறங்கியவுடன் மூழ்கியதைக் கண்டதும் மிச்சமிருந்த மூன்றையும் அந்தக் கலம் நேராகக் கரைக்குக் கொண்டுபோய் இறக்கியது. கண்முன் நடந்ததைப் பார்த்து அங்கேயே திட்டத்தை மாற்றிய அந்த முடிவு, அன்று அந்தப் பிரிவுக்குக் கரையில் கிடைத்த ஐந்து டி.டி. டாங்கிகளுள் மூன்றைக் கொடுத்தது.

741-இன் அந்த இரண்டு அதிகாரிகளையும் கோழைகளென்றோ முட்டாள்களென்றோ யாரும் சொல்லிவிட முடியாது. காலாட்படைக்கு டாங்கி எவ்வளவு தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தங்கள் வீரர்களை எந்தக் கடலிலும் நீந்தும்படி தயாரித்திருப்பதாக நம்பினார்கள். நீந்திச் சேர்ந்த இரண்டு டாங்கிகளின் கமாண்டர்களுக்கும் சிறு படகுகளில் பழக்கம் இருந்ததாகவும், அவர்கள் அலையின் போக்கைப் பார்த்துத் திசையைத் திருத்திக்கொண்டதாகவும், மற்றவர்களில் பலர் கரையில் தெரிந்த அடையாளத்தையே குறிவைத்துச் சென்றதில் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ள, அலையைக் குறுக்கே வாங்க நேர்ந்ததாகவும் பின்னாளில் விளக்கம் கூறப்பட்டது. 1.8 மீட்டர் அலையில் திறமை எவ்வளவு தூரம் உதவியிருக்கும் என்பது வேறு விவாதம். ஆனால் பயிற்சியில் விடுபட்டிருந்த பாடம் எது என்பதை அந்த விளக்கம் சரியாகவே தொடுகிறது.

டி.டி. டாங்கிகள் அதன்பிறகும் பயன்பட்டன. 1945 மார்ச்சில் ரைன் ஆற்றைக் கடந்தபோது, ஆற்றுநீரில், அவை வகுக்கப்பட்ட சூழலுக்கு நெருக்கமான நிலையில் வேலை செய்தன. ஸ்டட்லண்டில் இறந்த ஆறு பேருக்கான நினைவுக்கல் 2004-இல் ஃபோர்ட் ஹென்றிக்கு அருகே வைக்கப்பட்டது. ஸ்டட்லண்டை ஒட்டிய பூல் விரிகுடாவில் ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் வேலன்டைன்களில் நீர்மூழ்கு வீரர்கள் இன்றும் இறங்குகிறார்கள்.

மாற்றியிருக்கக்கூடியவை

இன்றைய பயிற்சிப் பொறுப்பாளர் ஒருவர் இதே நிலையில் இருந்தால் முதலில் செய்யக்கூடியது, கருவியின் எல்லையை எண்ணாக எழுதி, அந்த எண்ணை இறக்கும் கலத்தின் மாலுமியிடம் கொடுப்பது. அலை எவ்வளவு, காற்று எவ்வளவு, தொலைவு எவ்வளவு. இவற்றில் ஒன்று மீறினாலும் சரிவுப்பலகை இறங்காது. இருவரும் கலந்து முடிவெடுக்கலாம் என்ற ஏற்பாட்டில், இறக்குவதற்கு இருவரின் ஒப்புதலும் வேண்டும், இறக்காமலிருக்க ஒருவரின் மறுப்பே போதும் என்ற ஒரு வரி சேர்ந்திருந்தால், 741-ஆம் பிரிவில் அந்த வானொலி உரையாடல் இரண்டு தரைப்படை அதிகாரிகளோடு முடிந்திருக்காது.

அடுத்தது ஒத்திகையின் அட்டவணை. டாங்கிகள் நீந்தாத நாளிலும் ஒத்திகை முழுமையடைந்ததாகக் கருதப்படும்படி அதை அமைத்திருக்க வேண்டும். நேரடியாகக் கரையில் இறக்கும் மாற்றுவழியும் முன்கூட்டியே பலமுறை பழகப்பட்டிருந்தால், அதைத் தேர்ந்தெடுப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகத் தோன்றாது. 743-ஆம் பிரிவின் அதிகாரிகளுக்கு அந்தத் தெளிவு இருந்தது. அது தனிமனிதர்களின் இயல்பால் வந்ததே தவிர, பயிற்சியால் உறுதிசெய்யப்பட்டதல்ல.

மூன்றாவது, ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருந்த படி மிகப் பெரியது. ஃப்ரிட்டனில் தேர்ந்த குழுவைக் கடலுக்கு அனுப்பும் முன், திரையில்லாத சாதாரணப் படகுகளில் கமாண்டர்களுக்குச் சில வாரங்கள் சுக்கான் பயிற்சி கொடுப்பதற்கு அதிகச் செலவில்லை. தப்பிக்கும் தொட்டியில் செலவிட்ட கவனத்தில் ஒரு பங்கு அலையைப் படிப்பதற்கும் போயிருக்கலாம். தொட்டிப் பயிற்சியைக் குறைத்து அல்ல. அது உயிர்களைக் காத்தது.

மாற்று வாகனத்தில் பயிற்சியளிக்கும்போது, அதற்கும் உண்மை வாகனத்துக்கும் எதில் ஒற்றுமை, எதில் வேற்றுமை என்ற பட்டியல் ஒவ்வொரு குழுவிடமும் இருந்திருக்க வேண்டும். ஸ்டட்லண்டில் தோற்ற பாகம் கித்தான் திரை. அது வேலன்டைனிலும் ஷெர்மனிலும் ஒரே கொள்கையில் நின்றது. பட்டியலின் முதல் வரியிலேயே அதை எழுதி, மே மாதத்துக்குள் அமெரிக்கப் பிரிவுகளிடமும் சேர்த்திருந்தால், ரகசியத்துக்கு ஒரு பங்கமும் வந்திருக்காது. அவர்களும் அதே கருவியைத்தான் அதே ரகசியத்தோடு பழகிக்கொண்டிருந்தார்கள்.